ஆயில் ஏறாமல் தேய்ந்த கேம் ஷாஃப்ட்: எங்கே பார்ப்பது, எப்படிச் சரிசெய்வது

தொப்பூர் கணவாய் ஏறி வந்து, தருமபுரிப் பக்கம் ஒரு டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்தினேன். ஐடிலில் ஆயில் லைட் மினுக்கியது. இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டிலிருந்து டிக் டிக் சத்தம். அங்கே வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஷாஃப்ட்டை மாற்றினேன். மூன்றாவது வாரமே அதே சத்தம். கோளாறு கீழே, ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பில் இருந்தது. அதைப் பார்க்காமல் மேலே புதுசு போட்டால் காசு போனதுதான்.

லைட் எரிந்ததும் இன்ஜினை நிறுத்துங்கள். டிப் ஸ்டிக்கில் அளவு சரியாக இருந்தால், அடுத்தது பிரஷர். ஆயில் பிரஷர் ஸ்விட்சைக் கழற்றி, அந்த மரையில் முள் காட்டும் கேஜை மாட்டுங்கள். பல ஜப்பானியக் கார்களில் அது 1/8 அங்குல டேப்பர் மரை. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலிலும் 2000 ஆர்பிஎம்மிலும் பார்த்து மேனுவலோடு ஒப்பிடுங்கள். லைட்டை நம்ப வேண்டாம். பெரும்பாலும் பிரஷர் அரை பாருக்குக் கீழே போன பிறகுதான் அது எரியும்.

ஆயிலை வடித்து, பழைய ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டாத வெள்ளிப் பொடி இருந்தால் அலுமினியம். பல இன்ஜின்களில் கேம் நேரடியாக ஹெட்டின் அலுமினியத்திலேயே சுற்றுவதால் அங்கே சந்தேகப்படலாம். செம்பு நிறம் தெரிந்தால் கிராங்க் பேரிங் வரை போய்விட்டது.

நான் கோட்டைவிட்டது அடுத்த இடம். சம்ப்பைக் கழற்றி, பம்ப் ஆயிலை உறிஞ்சும் வாயிலுள்ள வலையான ஸ்ட்ரெய்னரைப் பாருங்கள். வலையில் பல்லி வால் போலச் சுருண்ட சிலிக்கான் பேஸ்ட் துண்டுகள், பாதித் துளைகளை அடைத்துக்கொண்டு கிடந்தன. முன்பு யாரோ சம்ப்பைக் கழற்றி மாட்டியபோது, கசிவைத் தடுக்கும் இந்த பேஸ்ட்டை அள்ளிப் பூசியிருக்கிறார்கள். வெளியே பிதுங்கியது கண்ணுக்குத் தெரியும். அதே அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும். நாளடைவில் அது பிய்ந்து ஆயிலில் விழும். இப்போதெல்லாம் 3 மில்லிமீட்டர் கோடுதான் இழுக்கிறேன், போல்ட் துளைக்கு உட்பக்கமாகச் சுற்றி.

டைமிங் மார்க் வைத்து, கேமைச் சுற்றும் செயினை இறக்கியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். கேமை மேலிருந்து பிடித்திருக்கும் கேப்களை இரு ஓரங்களிலிருந்து நடுவுக்கு, ஒவ்வொரு போல்ட்டையும் அரைச் சுற்றாகத் தளர்த்துங்கள். ஒரே பக்கம் முழுசாகக் கழற்றினால் வால்வு ஸ்பிரிங் தள்ளி கேப் விரிசல் விட்டுவிடும். கேப்களின் எண்ணும் அம்புக்குறியும் மாறவே கூடாது. ஹெட்டோடு சேர்த்துக் கடைந்தவை அவை.

கேம் ஹெட்டில் உட்கார்ந்து சுற்றும் வழவழப்பான பகுதியான ஜர்னல் மேல் நகத்தை ஓட்டுங்கள். வழுக்கினால் பயன்படுத்தலாம். நகம் சிக்கினால் கேமை மட்டும் மாற்றிப் பயனில்லை. ஹெட்டையும் லேத் பட்டறையில் அளக்கச் சொல்லுங்கள். ஹெட்டில் உள்ள ஆயில் துளைகளுக்கெல்லாம் காற்றடித்து, மறுமுனையில் வருகிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள்.

மாட்டும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு. கேப் போல்ட்டுகளுக்கு அநேகமாக 10 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசைதான் வரும், சரியான எண்ணை மேனுவலில் பாருங்கள். வீல் நட்டுக்கு வைத்திருக்கும் பெரிய டார்க் ரெஞ்ச் (முறுக்கை அளந்து இறுக்கும் ரெஞ்ச்) இதற்கு உதவாது. 5 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரை உள்ள சின்னது ஒன்று வாங்குங்கள், செலவழித்தது வீண்போகாது.

ஜர்னல்களில் ஆயில் பூசி, ஃபில்டரை நிரப்பி, இன்ஜின் ஸ்டார்ட் ஆகாமலிருக்க இன்ஜெக்டர் கனெக்டர்களைக் கழற்றிவிட்டு, பத்துப் பத்து நொடியாக செல்ஃப் அடியுங்கள். கேஜ் முள் ஏறிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.

பின்சேர்க்கை: எல்லாம் சுத்தம் செய்தும் முள் ஏறவில்லை என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ஸ்ட்ரெய்னர் குழாய் பம்பில் சேரும் இடத்திலுள்ள ரப்பர் வளையமான ஓ-ரிங்கை மாற்றினீர்களா? பழசு இறுகிப்போய்ச் சப்பையாக இருந்தால் பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றை இழுக்கும். புது ஓ-ரிங்கில் கொஞ்சம் ஆயில் தடவி மாட்டுங்கள். உலர்ந்தபடி தள்ளினால் ஓரம் கிழியும்.