வரைபுத்தாளில் 1942: கொழும்புத் தாக்குதலை வரைந்து படிக்கும் முறை

இருபதாம் நூற்றாண்டின் கடற்போரில் பெரும்போர்க்கப்பலின் இடத்தை விமானந்தாங்கிக் கப்பல் எவ்வாறு பிடித்தது என்பதை அறிய விரும்பும் கொழும்புவாசி பசிபிக் சமுத்திரம் வரை போகவேண்டியதில்லை. 1942 ஏப்பிரல் 4 முதல் 9 வரை, யப்பானியக் கடற்படை பிரித்தானியரின் கீழிருந்த இலங்கையைத் தாக்கியபோது, சூழ்ந்த கடலில் நடந்தவற்றைத் தூர அளவோடு தன் கையால் வரைந்து பார்த்தாலே விடயத்தின் பெரும்பகுதி விளங்கிவிடும். வாசித்து மட்டும் இதைப் படிக்க முயன்ற காலத்தில் எனக்குக் கப்பல்களின் பெயர்களே மிஞ்சின. வரையத் தொடங்கிய பின்னரே காரணங்கள் தெரிந்தன.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். தமிழில் போர்க்கப்பல் என்பது கடற்படையின் எந்தக் கப்பலையும் குறிக்கும். ஆகவே தடித்த உருக்குக் கவசத்தையும் மிகப்பெரிய பீரங்கிகளையும் நம்பிக் கட்டப்பட்ட கப்பலை இங்கே பெரும்போர்க்கப்பல் என்கிறேன். இணையத்தில் தேடும்போது 1942 என்ற ஆண்டைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். கொழும்பு தாக்கப்பட்ட 1942 ஏப்பிரல் 5 உம் உயிர்த்த ஞாயிறே; ஆனால் 'உயிர்த்த ஞாயிறு தாக்குதல்' என்று மட்டும் தேடினால் 2019 இல் நாம் இழந்தவர்களைப் பற்றிய பக்கங்களே வரும்; அந்தத் துயரத்தை இதனோடு கலப்பது முறையாகாது.

A4 அளவில் ஒரு வரைபுத்தாள், அடிமட்டம், கவராயம், இரண்டு நிறப்பென்சில்கள் ஆகியவை போதும். ஒரு பாகைக்கு 2.2 சென்ரிமீற்றர் என்று அளவு வையுங்கள். ஒரு பாகை ஏறக்குறைய 111 கிலோமீற்றர் ஆகையால், தாளில் ஒரு சென்ரிமீற்றர் கடலில் 50 கிலோமீற்றர் ஆகும். நாம் பூமத்திய கோட்டுக்கு அருகில் இருப்பதால் அகலக்கோட்டுப் பாகைக்கும் நெடுங்கோட்டுப் பாகைக்கும் நீளத்தில் வேறுபாடு மிகச் சிறிதே. எனவே சாதாரண வரைபுத்தாளே கடல் வரைபடத்தின் வேலையைச் செய்துவிடும். கொழும்பை வடக்கு 6.9, கிழக்கு 79.9 இலும், திருகோணமலையை வடக்கு 8.6, கிழக்கு 81.2 இலும், மட்டக்களப்பை வடக்கு 7.7, கிழக்கு 81.7 இலும் குறியுங்கள். தாளின் கீழ் மூலையில், தெற்கு 0.6, கிழக்கு 73.1 இல் மாலைதீவின் அட்டு பவளத்தீவு வரும். பிரித்தானியக் கடற்படைத் தளபதி அட்மிரல் சொமர்வில் தம் கப்பல்களுக்கென வைத்திருந்த இரகசியத் தளம் அதுதான்.

இனி வட்டங்களை வரையலாம். 1940 யூலையில் பிரித்தானியப் பெரும்போர்க்கப்பலான வோர்ஸ்பைற், ஓடிக்கொண்டிருந்த ஓர் இத்தாலியக் கப்பலை ஏறக்குறைய 24 கிலோமீற்றரிலிருந்து சுட்டு வீழ்த்தாவிடினும் குறிதவறாமல் தாக்கியது. நகரும் கப்பலொன்றைப் பீரங்கி தாக்கிய மிக நீண்ட தூரங்களில் அது ஒன்று. கொழும்பை மையமாக வைத்து அந்தத் தூரத்துக்கு வட்டம் வரைந்தால் அது பாணந்துறையோடு நின்றுவிடும். உலகின் மிகப்பெரிய பீரங்கிகளைச் சுமந்த யப்பானின் யமாத்தோவுக்கு 42 கிலோமீற்றர் எட்டும். அந்த வட்டம் களுத்துறையைத் தொடும். தாளில் இரண்டும் ஒரு சென்ரிமீற்றருக்குள் அடங்குவதால் கவராயத்தின் கால்களை விரிக்கவே சிரமப்படுவீர்கள். அடுத்து, விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து குண்டோடு எழுந்து, தாக்கிவிட்டுத் திரும்பக்கூடிய தூரமாக 370 கிலோமீற்றரை எடுத்து, 7.4 சென்ரிமீற்றர் ஆரையில் வேறொரு நிறத்தால் வரையுங்கள். பருத்தித்துறை உட்பட இலங்கை முழுவதும் அதற்குள் வந்துவிடும். இந்த இரு நிறங்களையும் சற்று நேரம் உற்றுப் பாருங்கள்.

பின்னர் நாட்களைக் குறியுங்கள். ஏப்பிரல் 4 மாலை, கொக்கலையிலிருந்து புறப்பட்ட கற்றலினா வானூர்தியில் சென்ற கனடிய அதிகாரி லெனாட் பேர்ச்சல், இலங்கைக்குத் தென்கிழக்கே யப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பினார். உடனே சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டார். அந்தச் செய்தியால் துறைமுகத்திலிருந்த கப்பல்களில் பலவற்றை வெளியே அனுப்ப முடிந்தது. மறுநாள் காலை, ஐந்து விமானந்தாங்கிகளிலிருந்து 120 இற்கு மேற்பட்ட வானூர்திகள் கொழும்பைத் தாக்கின. ரெனடொஸ் என்ற நாசகாரிக் கப்பலும் ஹெக்ரர் என்ற கப்பலும் துறைமுகத்திலேயே மூழ்கின. அங்கொடை மனநோய் மருத்துவமனையின் மீதும் குண்டுகள் விழுந்து நோயாளர்கள் இறந்தனர். எந்தக் கடற்படைக் கணக்கிலும் சேராத அவர்களையும் உங்கள் தாளில் குறிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அன்று காலை திருகோணமலையிலிருந்து வந்த பிரித்தானியரின் ஆறு சுவோட்பிஷ் தாக்குதல் வானூர்திகளும் கொழும்புக்கு அருகில் வீழ்த்தப்பட்டன. 1940 நவம்பரில் தரந்தோ துறைமுகத்தில் மூன்று இத்தாலியப் பெரும்போர்க்கப்பல்களைச் செயலிழக்கச் செய்ததும், 1941 மேயில் ஜேர்மனியின் பிஸ்மார்க்கின் சுக்கானை உடைத்ததும் இதே வகை வானூர்திகளே. அங்கே எதிர்ப்பட்ட சண்டை வானூர்தி எதுவும் இருக்கவில்லை. இங்கே அவற்றைவிட இரு மடங்குக்கு மேல் வேகமுள்ள ஸீரோ என்னும் யப்பானியச் சண்டை வானூர்திகள் இருந்தன. வானூர்தி பெரும்போர்க்கப்பலை வென்றது என்று எழுதுவோர் இந்த வேறுபாட்டைத் தவறவிடுகிறார்கள். வானத்தை யார் வைத்திருக்கிறாரோ அவருடைய வானூர்தியே வெல்லும்.

அதே நாள் பிற்பகலுக்கு, வடக்கு 1.9, கிழக்கு 77.8 இல் ஒரு புள்ளி இடுங்கள். கொழும்பிலிருந்து முந்தைய இரவு புறப்பட்டு, சொமர்விலோடு சேரச் சென்ற கோர்ன்வோல், டோசெற்சயர் என்னும் இரு பிரித்தானியக் கனரகக் குரூசர்கள் (பெரும்போர்க்கப்பலைவிடச் சிறிய போர்க்கப்பல்கள்) அங்கே சில நிமிடங்களில் மூழ்கின. 424 பேர் இறந்தனர். 1,122 பேர் மறுநாள் மீட்கப்பட்டனர். சொமர்விலிடம் ஐந்து பெரும்போர்க்கப்பல்கள் இருந்தும் அவர் பகலில் எதிரியை நெருங்கவில்லை. இரவில் ராடர் பொருத்திய வானூர்திகளால் தாக்கவே காத்திருந்தார். சிலர் இதைக் கோழைத்தனம் என்பர். அவருடைய ஐந்தில் நான்கு கப்பல்கள் முதலாம் உலகப்போர்க் காலத்து மெதுவான கப்பல்கள் என்பதையும், நான்கு மாதங்களுக்கு முன் பிரின்ஸ் ஒப் வேல்ஸ், ரிப்பல்ஸ் ஆகிய பெரிய பிரித்தானியக் கப்பல்கள் இரண்டும் மலாயாவுக்கு அருகில் வானூர்திகளால் மூழ்கடிக்கப்பட்டதையும் அறிந்தவர் அப்படிச் சொல்லமாட்டார். ஏப்பிரல் 9 இல், வானூர்தி ஒன்றுகூடத் தளத்தில் இல்லாத நிலையில், ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கி மட்டக்களப்புக்கு அருகில் மூழ்கியது. 307 பேர் மாண்டனர். அதைக் கண்டுபிடித்தது ஹருனா என்ற யப்பானியப் பெரும்போர்க்கப்பல் அனுப்பிய சிறு வானூர்தி. பீரங்கிகளுக்காகக் கட்டப்பட்ட கப்பலிடமிருந்து அந்தக் கிழமையில் பயன்பட்டது அதன் கண்ணே.

நேரங்களைக் குறிக்கும்போது அவதானம் தேவை. யப்பானியப் பதிவுகள் ரோக்கியோ நேரத்தில் எழுதப்பட்டவை. இலங்கை நேரத்துக்கு ஏறக்குறைய மூன்று மணித்தியாலம் குறைக்கவேண்டும். வீழ்த்தப்பட்ட வானூர்திகளின் எண்ணிக்கையை இருதரப்புப் பதிவுகளையும் ஒப்பிட்டே ஏற்றுக்கொள்ளுங்கள். கொழும்பில் யப்பானியர் இழந்தவை 7. பிரித்தானியர் அப்போது உரிமை கோரியது அதைப் போல் இரு மடங்குக்கும் மேல்.

தாள் நிறைந்த பின் ஒரு ஞாயிறு காலை கறுவாத்தோட்டத்து ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குச் செல்லுங்கள். அங்கே அவசரமாக அமைக்கப்பட்ட ஓடுபாதையிலிருந்துதான் பிரித்தானியரின் ஹரிக்கேன் சண்டை வானூர்திகளின் ஓர் அணி எழுந்தது. அந்த ஓடுபாதை இருப்பதை யப்பானியர் அறிந்திருக்கவில்லை. மற்றோர் அணி நின்ற இரத்மலானையில் இன்று விமானப்படை அருங்காட்சியகம் உள்ளது. உங்கள் வீட்டில் தொண்ணூறு வயதைத் தாண்டியவர் எவராவது இருந்தால் அவரிடம் முதலில் கேளுங்கள். குண்டுவீச்சுக்குப் பின் கொழும்பைவிட்டு மக்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறியதைச் சொல்ல இன்னும் மிகச் சிலரே இருக்கிறார்கள்.

இறுதியாக, தாளின் பின்புறத்தில், இலங்கைக்கு வந்த ஒன்பது பெரிய யப்பானியக் கப்பல்களும் எவ்வாறு அழிந்தன என்று எழுதுங்கள். விமானந்தாங்கிகளில் அகாகி, சோர்யூ, ஹிர்யூ ஆகிய மூன்றும் இரண்டே மாதங்களில் பசிபிக் சமுத்திரத்தின் மிட்வே தீவருகே வானூர்திகளுக்கு இரையாகின. ஷோகாகுவை 1944 யூனில் நீர்மூழ்கியும், ஸுய்காகுவை அதே ஆண்டு ஒக்ரோபரில் வானூர்திகளும் அழித்தன. பெரும்போர்க்கப்பல்களில் ஹியெய் 1942 நவம்பரில் இரவுச் சண்டையில் சுக்கான் பழுதாகி, பகலில் வானூர்திகளிடம் அகப்பட்டது. கொங்கோவை நீர்மூழ்கியும், ஹருனாவைத் துறைமுகத்திலேயே வானூர்திகளும் மூழ்கடித்தன. மற்றொரு பெரும்போர்க்கப்பலின் பீரங்கியால் அழிந்தது கிரிஷிமா ஒன்றுதான். அதுவும் வானூர்திகள் பறக்காத நள்ளிரவில், பசிபிக் தீவான குவாடல்கனாலின் கரையோரத்தில்.