விமான நிறுவனம் திவாலானால் டிக்கெட் பணத்தைக் கோருவது எப்படி?

கோ ஃபர்ஸ்ட் நிறுவனம் 2023 மே 2 அன்று தானே முன்வந்து திவால் மனு தாக்கல் செய்தது. மறுநாளிலிருந்து அதன் விமானங்கள் பறக்கவில்லை. மே 10 அன்று டில்லியிலுள்ள தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் அந்த மனுவை ஏற்றது. 2025 ஜனவரி 20 அன்று நிறுவனத்தைக் கலைக்க, அதாவது சொத்துகளை விற்றுக் கடன்காரர்களுக்குப் பங்கிட்டு மூட, அதே தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2019 ஏப்ரல் 17 அன்று சேவையை நிறுத்திய ஜெட் ஏர்வேஸைக் கலைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதோ 2024 நவம்பர் 7 அன்றுதான். இடையில் ஐந்தரை ஆண்டுகள் ஓடிவிட்டன. முன்பணம் கட்டி டிக்கெட் எடுத்தவர்கள் இந்தத் தேதிகளை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. முடிவு தெரியட்டும் என்று காத்திருந்தால், பணம் திரும்பும் வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டுவிடும்.

சேவை நின்ற செய்தி வந்த அன்றே ஆவணங்களைச் சேகரித்துவிடுங்கள். நிறுவனத்தின் செயலியும் இணையதளமும் எத்தனை நாள் இயங்கும் என்று சொல்ல முடியாது. பி.என்.ஆர். எண், பயணிகளின் பெயர்கள், கட்டணத் தொகை ஆகியவை தெரியும் டிக்கெட்டைப் பி.டி.எஃப். ஆகப் பதிவிறக்குங்கள், விமானம் ரத்தான குறுஞ்செய்தியைத் தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், பணம் போன வரி இருக்கும் வங்கிக் கணக்கு அறிக்கையையும் சேர்த்து வையுங்கள். நால்வருக்கு ஒரே பி.என்.ஆரில் எடுத்திருந்தால், பணம் செலுத்தியவர் யார் என்பதைத் தெளிவாகக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் பணம் கோரும் படிவத்தில் அவர் பெயரே வரவேண்டும்.

கிரெடிட் கார்டிலோ டெபிட் கார்டிலோ பணம் கட்டியிருந்தால், முதலில் அணுக வேண்டியது உங்கள் வங்கியைத்தான். பணம் பெற்றவர் சேவையை வழங்கவில்லை என்ற காரணத்தைச் சொல்லி, ‘சார்ஜ்பேக்’ (கார்டில் போன பணத்தை வங்கி வழியே திரும்பப் பெறும் முறை) கோரி எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். இந்தப் பணம் திவாலான நிறுவனத்தின் சொத்திலிருந்து பங்கிடப்படுவதன்று. கார்டு ஏற்பாட்டிலுள்ள வங்கிகளுக்கு இடையே தீர்வதாகும். ஆகவேதான் இதை முதல் வழியாகச் சொல்கிறேன். இதற்குக் கால வரம்பு உண்டு என்பதால் அந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். டிராவல் ஏஜென்ட் மூலம் எடுத்திருந்தால், பணம் இன்னும் அவரிடமே இருக்கிறதா, நிறுவனத்துக்குப் போய்விட்டதா என்று எழுத்தில் கேளுங்கள். பயணக் காப்பீடு வாங்கியவர்கள், நிறுவனம் நொடித்துப்போவதையும் பாலிசி ஏற்கிறதா என்று பாருங்கள். எல்லாப் பாலிசிகளும் ஏற்பதில்லை.

வங்கி வழியை நம்பி அடுத்த படியைத் தள்ளிப்போடக் கூடாது. தீர்ப்பாயம் மனுவை ஏற்றதும், நிறுவனத்தின் பொறுப்பை ஏற்க நியமிக்கப்படும் தீர்வு வல்லுநர், நிறுவனத்திடமிருந்து பணம் வரவேண்டியவர்களிடம் (டிக்கெட் எடுத்த பயணியும் இவர்களில் ஒருவர்) கோரிக்கைகளை வரவேற்றுப் பொது அறிவிப்பு வெளியிடுவார். அது நாளிதழ்களிலும், இந்திய நொடிப்பு மற்றும் திவால் வாரியத்தின் இணையதளத்திலும் வரும். எந்தப் படிவம், எந்த மின்னஞ்சல், எது கடைசித் தேதி என்பவை அதிலேயே இருக்கும். படிவத்தில் பெயர், அடையாள எண், முகவரி, கோரும் தொகை, கடன் உண்டான விதம், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைக் கேட்பார்கள். “கடன் எப்படி உண்டானது” என்ற இடத்தில், இந்தத் தேதியில் இந்தப் பி.என்.ஆருக்குச் செலுத்திய கட்டணம், இந்தத் தேதி விமானம் ரத்தானதால் திரும்ப வரவேண்டியது என்று இரண்டே வரிகளில் எழுதினால் போதும். நிறுவனம் பின்னர் கலைப்புக்குச் சென்றாலும் இந்தக் கட்டத்தில் பதிவான கோரிக்கை உங்களுக்கு உதவும். நடுவில் சார்ஜ்பேக் பணம் வந்துவிட்டால் அதை உடனே தெரிவித்துத் தொகையைத் திருத்துங்கள்.

அதிகம் எதிர்பார்க்கவும் வேண்டாம். 2016ஆம் ஆண்டு திவால் சட்டத்தின் 53ஆம் பிரிவு வகுத்த வரிசையில், நடைமுறைச் செலவு, தொழிலாளர் நிலுவை, பிணையுள்ள கடன், ஊழியர் சம்பளம், பிணையற்ற நிதிக் கடன், அரசு பாக்கி எல்லாம் முடிந்த பிறகே, “மீதமுள்ள கடன்கள்” என்ற தலைப்பில் பயணியின் முறை வருகிறது. விமானங்களும் பெரும்பாலும் குத்தகைக்கு எடுத்தவை. கோ ஃபர்ஸ்ட் வழக்கில் 54 விமானங்களின் பதிவை நீக்க டில்லி உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் உத்தரவிட்டது. அவை உரிமையாளர்களிடம் போய்விட்டால் விற்றுப் பங்கிட என்ன மிஞ்சும்? கடன் கொடுக்கிறோம் என்று அறியாமலேயே கடன் கொடுத்த குடும்பங்களை இவ்வளவு பின்னால் நிறுத்துவது நியாயமன்று என்பதே என் கருத்து.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமே என்று பலரும் கேட்கிறார்கள். தீர்ப்பாயம் மனுவை ஏற்றதும் தொடங்கும், அதே திவால் சட்டத்தின் 14ஆம் பிரிவின் தடைக்காலம் நடக்கும்வரை நிறுவனத்தின் மீது புதிய வழக்கு தொடுக்கவோ, பழைய வழக்கை நடத்தவோ, கிடைத்த தீர்ப்பை நிறைவேற்றவோ முடியாது.

விமான நிறுவனங்களுக்குக் காப்பீடு கட்டாயம்தானே என்ற கேள்விக்கும் விடை சொல்ல வேண்டும். சர்வதேச விமானப் பயணத்தில் நிறுவனங்களின் பொறுப்பை வகுக்கும் மான்ட்ரியல் உடன்படிக்கையின் 50ஆம் பிரிவு கோரும் காப்பீடு, பயணியின் உயிர், உடல், உடைமை ஆகியவை குறித்து அந்த உடன்படிக்கை சுமத்தும் பொறுப்புக்கானது. பறக்காத விமானத்தின் கட்டணத்தை அது திருப்பித் தராது. சாலை விபத்து இழப்பீட்டில் நிலைமை இன்னும் தெளிவு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவுப்படி மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். விபத்தை ஏற்படுத்திய ஆம்னி பஸ் நிறுவனம் திவாலாகிவிட்டாலும், காப்பீட்டு நிறுவனத்திடம் அதற்கு இருந்த உரிமை 151ஆம் பிரிவின்படி பாதிக்கப்பட்டவருக்கே மாறுகிறது. எனவே பஸ் நிறுவனம் மூடப்பட்டது என்று யாராவது சொன்னால் திரும்பிவிடாமல், பாலிசி எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.