பாராசூட் முன்னோடியின் வாழ்க்கை வரலாற்றை எழுதுவது எப்படி?

கம்மவான்பேட்டையைப் போலப் படைவீரர் குடும்பங்கள் நிறைந்த வேலூர் வட்டாரத்தில், பாராசூட் வீரராக இருந்து விளையாட்டு நிர்வாகியாக உயர்ந்த ஒருவரின் வாழ்க்கையை எழுத விரும்புவோர், பாராட்டு மலர்களைத் தள்ளிவைத்துவிட்டு அவருடைய குதிப்புப் பதிவேட்டிலிருந்து தொடங்க வேண்டும். தேதி, இடம், விமானத்தின் வகை, உயரம், பாராசூட் விரியும்முன் கடந்த நொடிகள், சான்றளித்தவரின் கையொப்பம் ஆகியவற்றை அதில் வரிசையாகக் காணலாம். அந்த நொடிக் கணக்கை ஊன்றிப் படியுங்கள். விமானத்தில் மாட்டிய பட்டையே பாராசூட்டை இழுத்து விரிக்கும் தொடக்க நிலையைக் கடந்து, தம் கையாலேயே விரிக்கும் தேர்ச்சியை அவர் எப்போது அடைந்தார் என்பது அங்கேதான் புலப்படும்.

பணிச் சான்றில் வட ஆர்க்காடு என்றிருந்தால் வேலூர் என்று மாற்றிவிடாதீர்கள். 1989-இல் பிரிக்கப்பட்ட அம்மாவட்டத்தில் இன்றைய திருவண்ணாமலையும் அடங்கியிருந்ததால், ஊரையும் வட்டத்தையும் குடும்பத்தாரிடம் கேட்டறிவதே முறை.

நிர்வாகப் பணியை வெறும் பதவிப் பட்டியலாகச் சுருக்குவது பெரும் அநீதி என்றே கருதுகிறேன். அமெரிக்க முன்னோடி ழாக் ஆந்த்ரே இஸ்டல் 1959-இல் ஆரஞ்சு என்ற ஊரில் பொதுமக்களுக்கான பயிற்சி மையத்தைத் தொடங்கினார்; 1962-இல் உலகப் போட்டியே அங்கு நடைபெற்றது. அவ்வாறே, உங்கள் முன்னோடி யாரைப் பயிற்றுவித்தார், எந்தப் பாதுகாப்பு விதிக்காக வாதாடினார் என்பவற்றைச் சங்கத்தின் கூட்டக் குறிப்பேடுகளில் தேடுங்கள். நேர்காணலின்போது பதிவேட்டின் ஒரு வரியைக் காட்டி, அன்றைய காற்று எப்படியிருந்தது என்று கேளுங்கள். படியெடுத்தபின் மூலத்தை அன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.