கைக்குழந்தைக்கும் மூத்த குழந்தைக்கும் சேர்த்து ஒரு ஸ்ட்ரோலர்: தேர்ந்தெடுப்பது எப்படி?

மூத்த குழந்தை நடக்கும். ஆனால் பாதி வழியில் நின்று "தூக்கு" என்று இரண்டு கையையும் விரிக்கும். இன்னொன்று இப்போதுதான் பிறந்திருக்கிறது, அல்லது பிறக்கப் போகிறது. இந்த நிலையில் பலரும் முதலில் வண்டியைப் பார்த்து, பிடித்துப்போய் வாங்கிவிட்டு, பிறகுதான் வீட்டு வாசலை அளக்கிறார்கள். அளவெடுப்பது முதலில், வண்டி பார்ப்பது கடைசியில். கீழே உள்ள படிகளும் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

படி 1: எத்தனை மாதத்துக்குத் தேவைப்படும் என்று கணக்குப் போடுங்கள்

பெரும்பாலான குழந்தைகள் மூன்று வயதை ஒட்டி, சாதாரணமாக வெளியே போய்வரும் தூரத்தைத் தாங்களே நடந்துவிடும். அதனால் கைக்குழந்தை பிறக்கும் நாளிலிருந்து மூத்தது மூன்று வயதைத் தொடும் நாள் வரை எண்ணுங்கள். மூத்ததுக்கு ஒன்றரை வயதாகும்போது அடுத்தது பிறந்தால் 18 மாதம். இரண்டரை வயதில் பிறந்தால் ஆறே மாதம்.

ஒரு வருடத்துக்கு மேல் வந்தால் இரட்டை ஸ்ட்ரோலருக்குச் செலவழிப்பதில் அர்த்தம் இருக்கிறது. ஆறு மாதம் அல்லது அதற்குக் குறைவு என்றால் வேண்டாம். ஒற்றை ஸ்ட்ரோலரும், அதன் பின்னால் மூத்தது ஏறி நிற்க ஒரு பலகையும் போதும். அல்லது சின்னதை மார்போடு கட்டிக்கொள்ளும் கேரியரில் வைத்துக்கொண்டு, பெரியதை ஏற்கெனவே இருக்கும் வண்டியில் உட்கார வைக்கலாம். நடுவில் மாட்டிக்கொள்பவர்களுக்குத்தான் யோசனை தேவை. அவர்களுக்கு, ஒற்றையாக வாங்கி இரண்டாவது சீட்டைப் பிறகு மாட்டிக்கொள்ளும் வகை பெரும்பாலும் பொருந்தும்.

படி 2: டேப்பை எடுங்கள்

நாலு அளவு வேண்டும்.

முதலாவது, நீங்கள் தினமும் கடக்கும் கதவுகளிலேயே மிகக் குறுகலானது. நிலைக்கு நிலை அளந்தால் தவறான எண் கிடைக்கும். கதவை 90 டிகிரி திறந்து வைத்து, கதவுப் பலகையின் முகத்திலிருந்து எதிர்ப்பக்க நிலை வரை அளக்க வேண்டும். திறந்த கதவின் கனமே சில சென்டிமீட்டரைத் தின்றுவிடும். கைப்பிடி இன்னும் கொஞ்சம் தின்னும். கிடைத்த எண்ணிலிருந்து 4 செ.மீ. கழியுங்கள். அதுதான் வண்டியின் உச்ச அகலம். தினமும் விரலைச் சிராய்த்துக்கொண்டு நுழைவதை யாரும் நீண்ட நாள் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டாவது, லிஃப்ட் இருந்தால் அதன் ஆழம். அகலத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். ஆனால் ஒன்றன்பின் ஒன்றாகச் சீட் உள்ள நீள வண்டி உள்ளே போன பிறகு, தள்ளுகிற ஆளும் உள்ளே நிற்க வேண்டுமே!

மூன்றாவது, கார் டிக்கி. உள்ளே இருக்கும் இடத்தைவிட வாய் சின்னதாக இருக்கும். வாயைத்தான் அளக்க வேண்டும். வண்டியின் மடித்த அளவைப் பார்த்து, அதே அளவுக்கு ஒரு அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டி டிக்கிக்குள் நுழைத்துப் பாருங்கள். பத்து நிமிட வேலைதான், பல ஏமாற்றங்களைத் தடுக்கும்.

நான்காவது, மூத்த குழந்தையின் உட்கார்ந்த உயரம். சுவரில் முதுகு ஒட்ட உட்கார வைத்து, தரையிலிருந்து உச்சந்தலை வரை அளந்துகொள்ளுங்கள். சீட்டின் அடியிலிருந்து மேற்கூரையின் உட்புறம் வரை உள்ள உயரம் இதைவிடக் குறைந்தது 5 செ.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சில மாதங்களில் தலை துணியை முட்டும், குழந்தை உட்கார மறுக்கும். காரணம் தெரியாமல் அதை அடம் என்று நினைத்துக்கொள்வோம்.

படி 3: எந்த அமைப்பு?

பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சீட். இதன் அகலம் பெரும்பாலும் 74 முதல் 80 செ.மீ. வரை இருக்கும். இரண்டு பேருக்கும் ஒரே பார்வை, ஒரே காற்று. ஒவ்வொரு சீட்டும் தனித்தனியாகச் சாயும். நடைபாதை ஓரத்தில் முன்சக்கரத்தைத் தூக்கி ஏற்றுவது மற்ற இரட்டை வண்டிகளைவிட எளிது, ஏனென்றால் இரண்டு எடையும் பின் அச்சுக்கு அருகில் இருக்கின்றன. குறை இரண்டு. 13 கிலோ ஒரு பக்கமும் 4 கிலோ மறுபக்கமும் இருந்தால் வண்டி கனமான பக்கம் இழுக்கும். ஒற்றைக் கையால் தள்ளும்போது இது நன்றாகத் தெரியும். இன்னொன்று, மூத்ததன் கைக்கு எட்டும் தூரத்தில் தூங்கும் குழந்தையின் கண்ணும் மூக்கும் இருக்கும். முதல் சில மாதங்களுக்கு நடுவில் ஒரு தடுப்பு இருக்கும் வண்டி நல்லது.

முன்னும் பின்னும் சீட். அகலம் ஒற்றை வண்டி அளவுதான், ஆகவே எந்தக் கதவிலும் நுழையும். நீளத்தில்தான் சிக்கல். கனமான குழந்தை முன்சீட்டில் இருந்தால், அது பின் அச்சிலிருந்து தள்ளி இருப்பதால் கைப்பிடியை அமுக்கி முன்சக்கரத்தைத் தூக்க நிறைய பலம் வேண்டும். பின்சீட், அதுவும் கீழே தாழ்வாக இருக்கும் சீட், பல வண்டிகளில் பெயருக்குத்தான் சீட். முன்சீட்டைச் சாய்த்தால் பின்னால் இருப்பவரின் முகத்துக்கு நேரே வந்து நிற்கும். கடையில் முன்சீட்டை முழுதாகச் சாய்த்துவிட்டு, பின்சீட்டில் காலும் தலையும் வைக்க எவ்வளவு மிச்சம் என்று பார்க்காமல் இந்த வகையை வாங்காதீர்கள்.

ஒற்றையிலிருந்து இரட்டையாகும் வண்டி. முன்னும் பின்னும் வகையின் உறவினர்தான். மூத்தது வளர்ந்ததும் கூடுதல் சீட்டைக் கழற்றிவிடலாம் என்பது பெரிய வசதி. வாங்கும் முன், இரண்டாவது சீட்டும் அதை மாட்டும் இணைப்பும் விலையில் சேர்த்தியா, தனியா என்று கேளுங்கள். இரண்டு சீட்டும் மாட்டியபடியே மடிக்க முடியுமா என்பது அடுத்த கேள்வி. சில வண்டிகளில் ஒவ்வொரு முறையும் ஒரு சீட்டைக் கழற்றித்தான் மடிக்க வேண்டும். மழையில் இரண்டு குழந்தைகளோடு நின்றுகொண்டு அதைச் செய்வதைக் கற்பனை செய்து பாருங்கள்.

நிற்கும் பலகை. ஒற்றை வண்டியின் பின் அச்சில் மாட்டும் சக்கரப் பலகை இது. பெரும்பாலும் இரண்டு வயதிலிருந்து, சுமார் 20 கிலோ வரை தாங்கும். உங்கள் வண்டிக்குப் பொருந்தும் பலகையைத்தான் வாங்க வேண்டும். மாட்டிய பிறகு தள்ளும் ஆளின் முழங்காலும் கெண்டைக்காலும் பலகையில் இடிக்கிறதா என்று பாருங்கள். காலை எட்டிப்போட்டு நடப்பவர்களுக்கு இது பெரிய தொல்லை. நடக்கும்போதே தூங்கிவிடும் குழந்தைக்குப் பலகை ஆகாது.

படி 4: கைக்குழந்தை படுக்கும் இடத்தை முதலில் தீர்மானியுங்கள்

கழுத்து நிற்காத குழந்தையை நிமிர்ந்த சீட்டில் வைத்தால் தலை முன்னால் சரிந்து தாடை மார்பில் இடிக்கும். அப்போது மூச்சுக்குழல் மடங்கி அடைபட வாய்ப்புண்டு. அதனால் கைக்குழந்தையின் இடம் தட்டையாக இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஐரோப்பியத் தரமான இ.என். 1888, பிறந்த குழந்தைக்கு ஏற்றது என்று சொல்லப்படும் சீட் குறைந்தது 150 டிகிரி சாய வேண்டும் என்கிறது. இது குறைந்தபட்சம்தான். முழுதாகத் தட்டையான படுக்கைத் தொட்டில் மாட்ட முடிந்தால் அதுவே நல்லது. குழந்தை தானாக எழுந்து உட்காரவோ, கையையும் முழங்காலையும் ஊன்றி எழவோ தொடங்கியதும் தொட்டிலை நிறுத்திவிட வேண்டும். சுமார் ஆறு மாதம், அல்லது 9 கிலோ. எது முதலில் வருகிறதோ அதுவரை என்பது வழக்கமான வரம்பு.

விளம்பரத்தில் "பிறந்ததிலிருந்து" என்று போட்டிருக்கும். எந்த சீட்டுக்கு என்று கேளுங்கள். ஒரு சீட் மட்டும் தட்டையாகி மற்றது ஆகாத வண்டிகள் நிறைய உண்டு. அந்தத் தட்டையான சீட் பின்னால் கீழே இருந்தால், குழந்தையின் முகம் உங்களுக்குத் தெரியுமா என்றும் பாருங்கள்.

கார் சீட்டை வண்டியில் பொருத்தும் வசதி சின்ன நேரத்துக்கு உதவும். ஆனால் அதில் குழந்தையை மணிக்கணக்கில் தூங்க விடக்கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பதுதான் பொதுவான அறிவுரை.

படி 5: எடை வரம்பைக் கூட்டிப் பாருங்கள்

ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு வரம்பு இருக்கும். பெரும்பாலும் 15 கிலோ, சிலவற்றில் 22 கிலோ. வண்டி மொத்தத்துக்கும் தனி வரம்பு உண்டு, அதைப் பலர் பார்ப்பதில்லை. நீங்கள் தள்ளப்போவது எவ்வளவு என்று கூட்டுங்கள்: வண்டி 14 கிலோ, மூத்தது 13, சின்னது 5, பை 3. மொத்தம் 35 கிலோ. ஒற்றை ஸ்ட்ரோலர் பழகிய கைக்கு இது வேறு உலகம். மேடு பள்ளம், மணல், கல் பாதை இருக்கும் இடமென்றால் பெரிய சக்கரம் தேவை. காற்றடைத்த டயர் குலுக்கலை நன்றாகத் தாங்கும், ஆனால் பஞ்சராகும். நுரை நிரப்பிய டயருக்குப் பராமரிப்பு இல்லை, கொஞ்சம் கடினமாகத் தட்டும். சின்னப் பிளாஸ்டிக் சக்கரம் வழுவழுத் தரைக்கு மட்டும்.

படி 6: கடையில் காலியாகத் தள்ளிப் பார்க்காதீர்கள்

காலி வண்டி எல்லாமே பூப்போலத்தான் போகும். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்று 2 கிலோ. ஆறு பாட்டிலை ஒரு பையில் போட்டு ஒரு சீட்டில் பெல்ட் மாட்டுங்கள், இரண்டு பாட்டிலை மற்றதில். இனிமேல்தான் வண்டியின் உண்மையான குணம் தெரியும்.

ஒற்றைக் கையால் நேராகத் தள்ளுங்கள், அப்புறம் ஒரே இடத்தில் திருப்புங்கள். ஒரு படி அல்லது நடைபாதை ஓரம் இருந்தால், கைப்பிடியை அமுக்கி முன்சக்கரத்தை ஏற்றிப் பாருங்கள். சரிவில் பிரேக் போட்டுவிட்டு மெல்லத் தள்ளுங்கள். சக்கரம் சுற்றக் கூடாது. ஒரே மிதியில் பின்சக்கரம் இரண்டும் பூட்டிக்கொள்வது நல்லது. இரண்டுக்கும் தனித்தனி மிதி இருந்தால் ஒன்றை மறந்துவிடுவோம். செருப்புக் காலால் பிரேக்கை எடுக்க முடிகிறதா என்றும் பாருங்கள். பல மிதிகளை மேல்நோக்கித் தூக்கித்தான் எடுக்க வேண்டும், அதில் கால் விரல் நகம் பெயரும்.

பெல்ட் ஐந்து முனையாக இருக்க வேண்டும்: தோளில் இரண்டு, இடுப்பில் இரண்டு, கால்களுக்கு நடுவில் ஒன்று. தோள் பட்டை குழந்தையின் தோள் மட்டத்தில் அல்லது சற்று மேலே புறப்பட வேண்டும். தோளுக்கும் பட்டைக்கும் நடுவில் ஒரு விரல் நுழைந்தால் சரி. நாலு விரல் நுழைந்தால் இரண்டு வயதுக் குழந்தை தோளை ஒடுக்கி, ஒரு கையை வெளியே எடுத்து, நீங்கள் திரும்புவதற்குள் எழுந்து நிற்கும்.

கடைசியாக மடியுங்கள், தூக்குங்கள். வீட்டில் யார் வழக்கமாகத் தூக்குவார்களோ அவரே தூக்க வேண்டும்.

வாங்கிய பிறகு: முதல் வாரத்தில் நடக்கும் தவறுகள்

அதிகம் நடப்பது, பையைக் கைப்பிடியில் மாட்டுவது. குழந்தைகள் உட்கார்ந்திருக்கும்வரை ஒன்றும் ஆகாது. குழந்தையைத் தூக்கி எடுத்த அடுத்த நொடி, பையின் பாரம் வண்டியைப் பின்னால் கவிழ்க்கும். பலகையில் மூத்தது நின்றுகொண்டிருக்கும்போது முன்னால் இருக்கும் கைக்குழந்தையை எடுத்தாலும் இதே கதை. பெரியதை முதலில் இறக்குங்கள். பையைக் கூடையில் போடுங்கள். அதற்கும் வரம்பு உண்டு, பெரும்பாலும் 5 கிலோவை ஒட்டி.

ஏற்றும்போது பிரேக், பிறகு மூத்தது, பிறகு சின்னது என்ற வரிசை பெரும்பாலான வண்டிகளுக்குப் பொருந்தும். ஓடக்கூடியதைக் கட்டிவைத்த பிறகுதானே இரண்டு கையும் காலியாகும்! உங்கள் வண்டியின் கையேடு வேறு வரிசை சொன்னால் அதையே பின்பற்றுங்கள், கவிழ்வதைத் தடுக்கத்தான் அப்படிப் போட்டிருப்பார்கள்.

வெயிலுக்காக மேற்கூரை மேல் துணியைப் போர்த்தி மூடாதீர்கள். மெல்லிய துணியானாலும் காற்றோட்டம் நின்று உள்ளே வெப்பம் ஏறும், குழந்தையின் முகமும் மறையும். குழந்தைக்குப் படாமல் வெயிலை மறைக்கும் குடையை வண்டிக்குக் கிளிப் போட்டு மாட்டிக்கொள்ளலாம்.

மடக்குவதில் விரல் ஜாக்கிரதை. குடைபோல மடியும் ஸ்ட்ரோலரை 1965-ல் வடிவமைத்த ஓவன் மக்லாரன் ஒரு விமானப் பொறியாளர். இலேசான குழாயும் மடிப்பு மூட்டும் அங்கிருந்து வந்த கலைதான். அந்த மூட்டுகள் கத்தரிபோல வேலை செய்யும், சின்ன விரல் நடுவில் சிக்கினால் நசுங்கும். விரிக்கும்போதும் மடிக்கும்போதும் மூத்த குழந்தையை ஒரு கை தூரம் தள்ளி நிறுத்துங்கள். விரித்ததும் "டக்" என்ற சத்தம் கேட்க வேண்டும். கேட்டாலும் கைப்பிடியை ஒருமுறை மேலே இழுத்து ஆட்டிப் பாருங்கள். மூட்டு பூட்டாமல் இருந்தால் அப்போதே மடங்கும்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் முதலில் அந்த மூட்டையும், பிரேக்கையும், சட்டத்தின் குழாய் வளையும் இடங்களில் வெடிப்பையும் பாருங்கள். பெல்ட் நூல் பிரிந்திருந்தால் வேண்டாம். மாடல் எண் சட்டத்தின் கீழே ஒட்டியிருக்கும். அதை வைத்து, தயாரிப்பாளர் அந்த மாடலைத் திரும்பப் பெற்றிருக்கிறாரா என்று தேடிப் பார்த்துவிட்டே பணத்தைக் கொடுங்கள்.