நத்தையை வரைபடத்தில் ஏற்றுவது

ராமேஸ்வரத்துக்கு அருகிலுள்ள மண்டபம் ஊரில் இருந்தபடியே ஜப்பானிய வட்டார வழக்குகளை வரைபடமாக்க, கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருள் போதும். ஊர், அட்சரேகை, தீர்க்கரேகை, சொல் என்று அட்டவணை போட்டு, எல்லா மொழி எழுத்துகளும் சிதையாமல் நிற்கும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில், சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்பாகச் சேமியுங்கள். ஏற்றும்போது எக்ஸ் என்பது தீர்க்கரேகை, ஒய் என்பது அட்சரேகை. மாற்றிக் கொடுத்தால் கியோட்டோ பூமியிலேயே இருக்காது! பிறகு சொல்லுக்கு ஒரு நிறம்.

முதலில் நத்தையைக் குறிக்கும் சொற்களை எடுங்கள். கியோட்டோவைச் சுற்றி தேதேமுஷி, அப்பால் மைமை, இன்னும் விலகினால் கதட்சுமுரி. நடுவிலிருந்து சொற்கள் அலையலையாகப் பரவின என்றார் ஜப்பானிய நாட்டுப்புறவியல் அறிஞர் யனகிதா குனியோ, 1930-இல். அதை நம்பி வட்டம் போட்டுவிடாதீர்கள். புள்ளிகள் முதலில் விழட்டும்.

கை பழகியதும் தொண்டி முதல் ராமேஸ்வரம் வரை காற்றின் பெயர்களைக் கேட்டுக் குறிக்கலாம்: வாடை, கொண்டல், சோழகம், கச்சான். வலை பின்னும் நேரத்தில் கேளுங்கள். மீன் ஏலத்தின்போது கேட்டால் வசவுதான் கிடைக்கும்.