சிவப்பு சாப் கார் கொரியாவுக்கு எப்படிப் போனது?

‘டிரைவ் மை கார்’ படத்தைப் பார்க்காதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். முடிவைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ரியூசுகே ஹமகுச்சி 2021இல் எடுத்த இந்த மூன்று மணி நேரப் படத்தின் கடைசிச் சில நிமிடங்கள், சிங்கப்பூர் ஈசூன் வட்டாரக் கோப்பிக்கடையில் கூடும் எங்கள் பஸ் ஓட்டுநர்களை இரண்டு கட்சியாக்கிவிட்டன. படத்தின் நாயகனான நாடகக் கலைஞர் கஃபுக்கு இறந்துவிட்டார் என்று ஒரு கட்சி. அவருக்கும் அவருடைய சிவப்பு சாப் காரைக் கூலிக்கு ஓட்டும் இளம்பெண் மிசாகிக்கும் கல்யாணம் ஆகிவிட்டது என்று இன்னொரு கட்சி. இரண்டுக்கும் திரையில் சாட்சி கிடையாது.

சாட்சியிலிருந்துதான் தொடங்கவேண்டும். கடைசிக் காட்சியை மறுபடி ஓட்டி, கண்ணில் படுவதை மட்டும் தாளில் குறியுங்கள். கொரியாவில் ஒரு பேரங்காடி. முகக்கவசத்துடன் மிசாகி சாமான் வாங்குகிறாள். வெளியே அதே சிவப்பு சாப். உள்ளே ஒரு நாய். கவசத்தைக் கழற்றுகிறாள்; கன்னத்துத் தழும்பு மங்கியிருக்கிறது. கஃபுக்கு காட்சியில் இல்லை. ‘காரைக் கொடுத்துவிட்டார்’ என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள், அது உங்கள் ஊகம்.

பிறகு, குறித்த ஒவ்வொன்றும் முன்னால் எங்கே வந்தது என்று தேடுங்கள். நாய் சுலபம்: ஹிரோஷிமாவில் கொரியத் தம்பதியின் வீட்டு விருந்தில் மிசாகி கொஞ்சியது அப்படியொரு நாயைத்தான். தழும்பு கனமான விஷயம். தாயைப் பலிகொண்ட நிலச்சரிவில் விழுந்த காயம் அது. அறுவைச் சிகிச்சையால் குறைக்க முடிந்தும் அப்படியே வைத்திருந்தாள். இப்போது அது மங்கியிருக்கிறது என்றால், நடுவில் அவளே ஏதோ முடிவெடுத்திருக்கிறாள்.

ஓட்டுநர் என்பதால் ஸ்டியரிங்கை விட்டு என் கண் அகலவில்லை. ஜப்பானிலும் நம் சிங்கப்பூர் போலவே இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். அந்தச் சாப்பின் ஸ்டியரிங்கும் இடப்பக்கமே. படம் முழுக்க அந்த வண்டி தன் சாலையோடு ஒட்டாமல் ஓடுகிறது. கொரியாவில் வலப்பக்கம் ஓட்டுவதால், அங்கே அது சரியாகப் பொருந்திவிடுகிறது! இயக்குநர் திட்டமிட்டாரா இல்லையா என்று குழம்பவேண்டாம். திரையில் இருப்பதை எடுத்துக்கொள்ள யாரையும் கேட்கவேண்டியதில்லை.

முந்தைய காட்சியையும் சேர்த்தே படியுங்கள். கஃபுக்கு இயக்கும் செக்காவின் ‘வான்யா மாமா’ நாடகம் அது. மேடையில் வான்யாவின் மருமகள் சோனியா சைகை மொழியில் ‘வாழ்ந்துதான் ஆகவேண்டும்’ என்று தேற்றுவது வான்யாவாக நடிக்கும் கஃபுக்குவை. ஆனால் அரங்கில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பவள் மிசாகி. அடுத்து நாம் பார்ப்பதும் அவளைத்தான். கூலிக்கு ஓட்டியவள் இப்போது தனக்காக ஓட்டுகிறாள். ‘இங்கே திரும்பு’ என்று சொல்ல ஆளில்லை. என் தீர்ப்பு இதுதான்.

உங்கள் தீர்ப்பு வேறாக இருக்கலாம். ஆனால் தாளில் உள்ள எதுவும் அதற்கு வெளியே தொங்கக்கூடாது. மரணக் கட்சியால் காருக்குப் பதில் சொல்ல முடிகிறது, தழும்புக்கு முடியவில்லை. கல்யாணக் கட்சியின் நிலை இன்னும் மோசம். படத்துக்கு அடிப்படையான, ஜப்பானிய எழுத்தாளர் ஹருகி முரகாமியின் மூலக்கதையிலும் உதவி கிடைக்காது: அதில் கார் மஞ்சள் நிறம், கொரியாவே வருவதில்லை.

நாய் அந்தத் தம்பதியுடையதேதான் என்று டிப்போ அண்ணன் ஒருவர் இன்னமும் அடித்துச் சொல்கிறார். அந்த வழக்கை நான் எடுப்பதாக இல்லை.