குளத்துக்குக் கடல் முள் வேண்டாம்

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுவது என் வேலை. விடியக்காலை மூன்று மணிக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கினால், பால் எடுத்து ஷீட் அடித்து முடிக்கப் பதினொரு மணி ஆகும். அதற்கப்புறம் உள்ள பொழுது என்னுடையது. மழை பெய்தால் வெட்டு கிடையாது, முழு நாளும் என்னுடையது. இப்படி முப்பது வருடமாகத் தோடு என்று நாங்கள் சொல்லும் ஓடையிலும் குளத்திலும் தூண்டில் போட்டுவருகிறேன்.

போன ஆடியில் என் அக்கா மகன் புதிதாக ஒரு தூண்டில் செட் வாங்கிவந்தான். மூன்று நாள் ஊர்க் குளத்தில் உட்கார்ந்துவிட்டு, “மாமா, இந்தக் குளத்துல மீனே கெடையாது” என்றான். செட்டை வாங்கிப் பார்த்தேன். சணல் மாதிரித் தடித்த நரம்பு, சுண்டுவிரல் நீளத்துக்குத் தூண்டில் முள், ஐம்பது கிராம் ஈயக்கட்டி. பாறையில் நின்று கடலுக்குள் எறிய இதெல்லாம் சரிதான். குளத்தில் அந்த ஈயம் விழுகிற சத்தத்துக்கே சிலேபி மீன் அக்கரை போய்விடும். நம் குமரி மாவட்டத்தில் கடற்கரை பக்கத்திலேயே இருப்பதால் கடைகளில் கடல் சாமான்தான் கண்ணில் படும். குளத்துக்கென்று கேட்டு வாங்க வேண்டும்.

குளத்துக்கும் ஓடைக்கும் 0.20 மில்லிமீட்டர் நரம்பு போதும். மூன்று கிலோ மீன் எங்கே வரப்போகிறது? கலங்கல் தண்ணீர் என்றால் 0.25 வரை போகலாம். முள் வாங்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: நம்பர் கூடினால் முள் சிறிது. பள்ளத்திக்கும் சின்னக் கெண்டைக்கும் 12, கொஞ்சம் பெரிய கெண்டைக்கு 10, சிலேபிக்கும் கெளுத்திக்கும் 6 அல்லது 8. சின்ன முள்ளில் பெரிய மீன் மாட்டும், பெரிய முள்ளைச் சின்ன மீனால் வாயில் வாங்கவே முடியாது.

கம்புக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. பத்து அடி நீளத்தில் மெல்லிய மூங்கிலாகப் பார்த்து வெட்டி, நிழலில் ஒரு மாதம் காயவிடுங்கள். வெயிலில் போட்டால் வெடித்துவிடும். வளைவு இருந்தால் தீயில் வாட்டி நிமிர்த்தலாம். நான் கைப்பிடியில் ஒட்டுப்பாலை (மரத்தில் உறைந்த ரப்பரை) நாடாவாகக் கிழித்து இறுக்கிச் சுற்றிவைப்பேன், நனைந்த கையிலும் வழுக்காது. நரம்பின் நீளமும் கம்பின் நீளமும் ஒன்றாக இருக்கட்டும். கம்பை நிமிர்த்திப் பிடித்தால் முள் நேராக உங்கள் கைக்கு வந்துவிடும். ரீல் வேண்டும் என்கிறவர்கள் ஆறரை அடிக் கம்பும் ஒரு சின்ன ஸ்பின்னிங் ரீலும் வாங்கலாம். அணைப் பக்கம் தூரமாக எறிய அது உதவும். ஓடையில் மரக்கிளைக்கு அடியில் போட மூங்கில்தான் வசதி.

முள் கட்டுவதில்தான் பாதிப் பேர் மீனை விடுகிறார்கள். சாதாரண முடிச்சு மெல்லிய நரம்பைத் தானே அறுத்துவிடும். நரம்பின் முனையை முள்ளின் காதுக்குள் கோர்த்து ஒரு சாண் இழுத்துக்கொள்ளுங்கள். அந்த முனையை மீதி நரம்பின் மேலேயே ஐந்து சுற்று சுற்றுங்கள். சுற்றத் தொடங்கின இடத்தில், காதை ஒட்டி ஒரு சின்ன வளையம் நிற்கும். முனையை அதற்குள் நுழைத்துவிடுங்கள். இனி இழுக்கலாம், ஆனால் முடிச்சை எச்சிலில் நனைத்த பிறகு, மெதுவாக. உலர்ந்தபடியே இழுத்தால் நரம்பு சூடாகி அந்த இடத்தில் பலம் போய்விடும். சுற்றுகள் ஐந்தும் ஒன்றையொன்று ஒட்டி வரிசையாகப் படிந்திருந்தால் முடிச்சு சரி. ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தால் அறுத்துவிட்டு மறுபடி கட்டுங்கள். மருமகன் ஏழாவது தடவை சரியாகக் கட்டினான்.

மிதப்புக்குப் பழைய ரப்பர் செருப்பில் ஒரு விரல் அகலத் துண்டு வெட்டி, மெல்லிய ஈர்க்குச்சியைச் செருகினால் போதும். குச்சியின் நுனிக்கு மட்டும் சிவப்புச் சாயம். ஈயம் எவ்வளவு என்பதை மிதப்பே சொல்லும். ரப்பர் துண்டு முழுவதும் தண்ணீருக்குள் இறங்கி, குச்சி மட்டும் ஒரு விரற்கடை வெளியே நிற்க வேண்டும். மிதப்பு துள்ளிக்கொண்டு மேலே நின்றால் மீனுக்கு இழுக்கக் கனம் தெரியும், இரையைத் துப்பிவிடும். ஆழம் பார்க்க முள்ளில் ஒரு சின்னக் கல்லைக் கட்டி இறக்குங்கள். இரை தரைக்கு ஒரு சாண் மேலே நிற்கிற மாதிரி மிதப்பைத் தள்ளிவையுங்கள். கெளுத்திக்கு என்றால் தரையிலேயே கிடக்கட்டும்.

இரைக்கு நான் நம்புவது மரச்சீனிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. வேகவைத்து, நடுநாரை உருவிவிட்டு, சூடு ஆறும் முன்னே பிசைந்து, பிடிப்புக்கு ஒரு கை கோதுமை மாவு சேர்த்தால் முள்ளை விட்டுக் கழலாது. கடலைப் பருப்பு அளவுக்கு உருட்டி, முள்ளின் நுனி மட்டும் தெரியும்படி வையுங்கள். சிலேபிக்கும் கெண்டைக்கும் இது போதும். கெளுத்திக்கும் ஆரலுக்கும் மண்புழு. வாழை மூட்டில் ஈரமான இடத்தில் தோண்டினால் கிடைக்கும். மீனைக் கூட்ட, தேங்காய்ப் புண்ணாக்கும் தவிடும் பிசைந்து எலுமிச்சங்காய் அளவு உருண்டையாகக் கால்மணிக்கு ஒன்று போடுங்கள். நிறையப் போட்டால் மீன் வயிறு நிறைந்து உங்கள் முள்ளைத் திரும்பிப் பார்க்காது.

அப்புறம் உட்கார்ந்து மிதப்பைப் படிக்க வேண்டியதுதான். குச்சி நடுங்கிக்கொண்டே இருந்தால் பள்ளத்தி இரையைக் கொத்துகிறது. அவசரப்படாதீர்கள். பக்கவாட்டில் வழுக்கிப் போனால் சிலேபி, அப்போதே மணிக்கட்டால் ஒரு சுண்டு. விழுந்து படுத்தால், இரையைக் கெண்டை வாயில் தூக்கியிருக்கிறது, அதற்கும் சுண்டலாம். ஒரே இழுப்பாக உள்ளே போனால் கெளுத்தி. அது தானே மாட்டிக்கொள்ளும்.

கெளுத்தியைக் கழற்றும்போது பக்க முள் இரண்டுக்கும் பின்னால் விரலைக் கொடுத்துப் பிடியுங்கள். குத்திவிட்டால் பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் கையை வைத்தால் கடுப்பு குறையும். வீக்கம் இறங்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கையில் இடமில்லை என்று மீனைப் பல்லில் கடித்துப் பிடிக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. பனையேறி மீன் தொண்டைக்குள் இறங்கினால் செவுள் முள் விரிந்து நிற்கும், வெளியே இழுக்க முடியாது. அதனால் உயிரே போயிருக்கிறது.

எங்கே, எப்போது என்பதை அணைத் தண்ணீர் தீர்மானிக்கும். பேச்சிப்பாறையும் பெருஞ்சாணியும் பாசனத்துக்காக வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் திறந்து பிப்ரவரி கடைசியில் அடைப்பார்கள். கால்வாய் நிறைந்து ஓடும்போது நடுவில் போட்டுப் பயனில்லை. மடைக்குக் கீழே தண்ணீர் சுழல்கிற இடம், பாலத்தின் தூணுக்குப் பின்னால், சப்பாத்தின் (தரைப்பாலத்தின்) கீழ்ப்பக்கம், இங்கேதான் மீன் இளைப்பாறும். மார்ச்சுக்கு மேல் கால்வாயில் அங்கங்கே தேங்கின குட்டையில் மீன் ஒதுங்கும். அப்போது தண்ணீர் தெளிந்திருக்கும், உங்கள் நிழல் விழுந்தாலே ஓடிவிடும். மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குக் கீழே பரளியாறு மாதிரிப் பாறையும் கயமுமாக (ஆழமான மடுவுமாக) உள்ள ஆற்றில், கயத்தின் தலைப்பக்கம் இரையை விட்டுத் தண்ணீர் ஒழுக்கோடு இறங்கவிடுங்கள். கோதையாற்றில் அணைத் தண்ணீர் திறந்தால் நின்றுகொண்டிருக்கும்போதே மட்டம் ஏறும். நடுப்பாறையில் போய் உட்காராதீர்கள். காலில் புண் இருந்தால் தேங்கின தண்ணீரில் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் அப்படித்தான் வருகிறது.

குளத்தில் போடும் முன் யாருக்குக் குத்தகை என்று கேளுங்கள். குத்தகைக் குளத்தில் கட்லாவும் ரோகுவும் காசு கொடுத்து விட்டிருப்பார்கள். சுசீந்திரம், தேரூர் குளங்கள் பறவைகளின் இடம், 2022-இல் ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தன. அங்கே நான் கம்பை எடுத்துப் போவதில்லை.

தோட்டா, கரண்ட், நஞ்சு மூன்றும் மீன்பிடி இல்லை. ஒரு கோடையில் எங்கள் தோட்டில் யாரோ நஞ்சு கலக்கிவிட்டார்கள். எடுத்துப்போனது ஒரு கூடை இருக்கும். மறுநாள் விரல் நீளக் குஞ்சும் அயிரையும் நண்டும் அரை மைல் தூரத்துக்கு வயிறு மேலாகக் கிடந்தன. அந்தத் தோட்டில் மறுபடி ஒரு கெளுத்தி எனக்குக் கிடைக்க மூன்று வருடம் ஆயிற்று.

வராலுக்கு மட்டும் தடித்த சாமான் வேண்டும், ஏனென்றால் அது தாமரைக்கொடிக்குள் பாயும். முப்பது பவுண்டு பின்னல் நரம்பு, விறைத்த கம்பு, ரப்பர் தவளை. உயிர்த்தவளையைக் கோர்ப்பது பழைய வழக்கம், நான் விட்டுவிட்டேன். இலை இடைவெளியைத் தாண்டி எறிந்து, தவளையை இலை மேலே இழுத்துவந்து, இடைவெளியில் இறக்கி நிறுத்துங்கள். மூச்சு விடுகிற நேரம் அப்படியே இருக்கட்டும். வரால் அடிக்கிற சத்தம் கேட்டவுடன் கை தானே இழுக்கும், இழுக்காதீர்கள். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி, நரம்பு நகர்வதைப் பார்த்துவிட்டு இழுங்கள்.

மழை விழுந்து குளம் ஏறும் காலத்தில் தண்ணீர் மேலே சிவந்த குஞ்சுக் கூட்டம் கொப்பளிப்பதைப் பார்ப்பீர்கள். கீழே தாயோ தகப்பனோ காவல் நிற்கும். தவளையைக் கூட்டத்தின் நடுவே போட்டால் பசியே இல்லாமல் கோபத்தில் வந்து கடிக்கும். வரால் பிடிக்க அதைவிடச் சுலபமான வழி கிடையாது. அதைப் பிடித்தால் அந்தக் குஞ்சுகளைச் சாயங்காலத்துக்குள் மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும். மருமகன் முதல் தடவை அந்தக் கூட்டத்தைக் கண்டதும் எறியக் கை ஓங்கினான். கம்பைப் பிடித்து நிறுத்தி, பக்கத்தில் உட்காரவைத்தேன். கூட்டம் தாமரை இலையைச் சுற்றிப் போயிற்று, அடியில் கருத்த முதுகு ஒன்று கூடவே போயிற்று. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவனே நரம்பைச் சுற்றிக்கொண்டான். இரண்டு பேரும் எதிர்க்கரைக்குப் போய் மரச்சீனி போட்டோம்.